விளையாட்டு யாருக்காக?

பிள்ளைக்குரிய பொருள் இது, பெரியவர்க்குரிய பொருள் இது எனப் பிரித்தறிதல் எளிதென்றே பலரும் எண்ணுவர். கிலுகிலுப்பையைக் கண்டதும் அது தொட்டிற் பிள்ளைக்குரியது என்கிறோம். பாக்குவெட்டியைக் கண்டதும் அதனைப் பிள்ளையின் கைக்கெட்டாத உயரத்திலே வைக்கிறோம். இவ்விரண்டிலும் மயங்குவார் எவருமிலர். ஆனால் இக்காலத்திலே கைத்தொலைபேசிக்குள்ளே வந்து குடியேறியிருக்கும் விளையாட்டுக்களைக் குறித்து அவ்வாறு துணிந்து கூறிவிட முடிவதில்லை.

இரண்டு விளையாட்டுக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றிலே பூனையொன்று வெளியே சென்று கண்ட கண்ட பொருள்களையெல்லாம் திருடிவந்து ஓர் அறையை நிரப்புகின்றது. மற்றொன்றிலே நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, இறுதியில் ஒருவர் எஞ்சும்வரை ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துகின்றனர். முன்னது பிள்ளைகளுக்கு, பின்னது பெரியவர்களுக்கு என விடைகூறவே நம் மனம் விரையும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசு, இவ்விரண்டுமே பிள்ளைகளை நோக்கி அமைந்தவை எனக் குற்றஞ்சாட்டியது. இரண்டின் உரிமையாளரும் தண்டப்பணம் செலுத்தவே இணங்கினர்.

எதனைக் கொண்டு அவ்வரசு அவ்வாறு துணிந்தது? ஒரு விளையாட்டு யாருக்காக என்பதைத் தீர்மானிப்பவர் யார்? ஆக்கியவரா, விற்பவரா, விளையாடுபவரா? இக்கேள்வி வீண் சொற்போரன்று. ஒரு பிள்ளையைப் பற்றிய விவரங்களைத் திரட்டுமுன் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்க வேண்டுமா, கேளாமலே திரட்டிவிடலாமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு விடையிலேயே தங்கியிருக்கின்றது.

சட்டம் கூறுவது யாது?

1998ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காங்கிரஸ் சபை, பிள்ளைகளின் இணையவழி அந்தரங்கத்தைக் காக்கும் சட்டமொன்றை இயற்றியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டி அதனைக் 'கொப்பா' என வழங்குவர். அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு சமஷ்டி வர்த்தக ஆணைக்குழுவுக்கு உரியது. ஆணைக்குழு வகுத்த விதிகள் 2000ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே நடைமுறைக்கு வந்தன. 13 வயது நிரம்பாத பிள்ளைகளே இச்சட்டத்தின் காவலுக்குரியோர். அவர்களிடமிருந்து விவரம் திரட்ட விரும்புவோர் முதலிலே பெற்றோருக்கு அறிவித்தல் வேண்டும். பெற்றோரே தந்ததென உறுதிப்படுத்தத்தக்க சம்மதத்தைப் பெறுதல் வேண்டும். அதன் பின்னரே திரட்டலாம். இதுவே சட்டத்தின் சாரம்.

விவரம் என்றதும் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் என்பனவே நம் நினைவுக்கு வரும். 2013ஆம் ஆண்டிலே ஆணைக்குழு அந்த வரம்பை விரித்தது. பிள்ளையின் புகைப்படம், குரல், இருக்கும் இடம் ஆகியனவும் அதனுள் அடங்கின. அவற்றோடு கண்ணுக்குத் தெரியாத வேறொன்றும் சேர்ந்தது. அதுதான் கருவியின் அடையாள இலக்கம்.

இவ்விலக்கத்தின் இயல்பைப் பெற்றோர் நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்த ஒற்றன் ஒருவனுக்கு யாருடைய பெயரும் தெரியாது. ஆனால் தெருவிலே செல்லும் ஒவ்வொருவரின் முதுகிலும் ஓர் இலக்கம் எழுதப்பட்டிருந்தால், அவனுக்குப் பெயர் எதற்கு? இந்த இலக்கத்தார் எந்தக் கடைக்குச் சென்றார், எந்தப் பொருளை நோக்கி நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என அவன் எழுதிக்கொண்டே போகலாம். விளையாட்டினுள்ளே விளம்பரங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் கொம்பனிகள் இவ்வாறே ஒரு விளையாட்டிலிருந்து மற்றொரு விளையாட்டுக்குப் பயனாளரைப் பின்தொடர்கின்றன. பிள்ளை விட்ட இடத்திலிருந்து மறுநாள் ஆட்டத்தைத் தொடர உதவுவதுபோன்ற உள்வேலைகளுக்கு அவ்விலக்கத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடங்கொடுக்கின்றது. பிள்ளையின் பழக்கத்தை அளந்தறிந்து அதற்கேற்ற விளம்பரத்தைக் காட்டுதற்கோ, பெற்றோரின் சம்மதமின்றி இடங்கொடுப்பதில்லை.

இனி, இச்சட்டம் எவரைக் கட்டுப்படுத்துகின்றது என்பதை நோக்குவோம். பிள்ளைகளை நோக்கி அமைந்த சேவையை நடத்துவோர் ஒரு சாரார். பொதுமக்களுக்கான சேவையை நடத்தினாலும், தம்மிடம் விவரம் தருபவர் 13 வயது நிரம்பாதவர் என உண்மையிலேயே அறிந்திருப்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரிலும் சேராதவரைச் சட்டம் தொடுவதில்லை. ஆதலின், "எங்கள் விளையாட்டு பொதுமக்களுக்கானது, பிள்ளைகளுக்கானதன்று" என்று எழுதி ஒட்டிவிடும் ஆசை வியாபாரிக்கு எழுதல் இயல்பே. அவ்வாறு ஒட்டிய சீட்டை அப்படியே நம்பாமல், உள்ளிருக்கும் பண்டத்தைப் பார்ப்பதுதான் விதியின் நோக்கம்.

அடையாளங்கள்

பண்டத்தை எவ்வாறு பார்ப்பது? விதிகளிலே பல அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன. எடுத்துக்கொண்ட பொருள் யாது? படங்கள் எத்தகையன? உயிரூட்டிய கேலிச்சித்திரப் பாத்திரங்கள் உண்டா? பிள்ளைகள் விரும்பும் செயல்களும் பரிசுகளும் உண்டா? இசை எப்படிப்பட்டது? தோன்றுவோரின் வயது என்ன? பிள்ளைகள் மனங்கவர்ந்த பிரபலங்கள் வருகின்றனரா? மொழிநடை யாருக்கேற்றது? அதனுள்ளே வரும் விளம்பரங்களும் அதனைப் பற்றிய விளம்பரங்களும் யாரை அழைக்கின்றன? உண்மையில் விளையாடுவோர் யார் என்பதற்கு நம்பத்தக்க சான்றுண்டா? ஆக்கியவர் மனத்திலே கொண்டவர் யார் என்பதற்குச் சான்றுண்டா?

இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று தீர்ப்பளிப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். தமிழ் கற்கும் மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் தலைவரைப் பிள்ளையாகப் பாவித்துக் காப்புப் பருவம் முதலாகப் பத்துப் பருவங்களிலே பாடுவது. தாலும் சப்பாணியும் முத்தமும் அம்புலியும் அதிலே வருகின்றன. எனினும் அது பிள்ளைகள் படித்தற்கென எழுந்ததன்று. புலமை மிக்க பெரியோர் சுவைத்தற்கென எழுந்தது. ஆத்திசூடியிலோ பிள்ளை எவரும் பாத்திரமாக வருவதில்லை. எனினும் அகர வரிசையும் ஓரடிக்குள் அடங்கிய சொற்சுருக்கமும் அது இளஞ்சிறார் நாவிலே ஏறுதற்கென அமைந்ததென்பதைக் காட்டிவிடுகின்றன. எதனைப் பற்றியது என்பது வேறு. யாரை நோக்கியது என்பது வேறு. பூனை வந்துவிட்டதனால் மட்டும் ஒரு விளையாட்டு பிள்ளை விளையாட்டாகிவிடாது. துப்பாக்கி வந்துவிட்டதனால் மட்டும் பெரியவர் விளையாட்டாகிவிடவும் மாட்டாது.

வழக்குகள் காட்டும் வழி

கைத்தொலைபேசிச் செயலிகளைப் பற்றி ஆணைக்குழு தொடுத்த முதல் வழக்கு 2011ஆம் ஆண்டுக்குரியது. 'எமிலி' என்னும் சிறுமியின் பெயரால் உடையணிவித்து விளையாடும் செயலிகளை ஆக்கிய கொம்பனியொன்று, பிள்ளைகளின் மின்னஞ்சல் முகவரிகளைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டியதென்பது குற்றச்சாட்டு. அக்கொம்பனி 50,000 டொலர் செலுத்த இணங்கியது. அங்கே ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. விளையாட்டின் முகமே அதன் வயதைக் கூறிற்று.

2020ஆம் ஆண்டு யூன் மாதத்திலே தீர்ந்த வழக்கு இதனினும் நுட்பமானது. நாம் முதலிலே கூறிய பூனை விளையாட்டு அதிலேதான் வருகின்றது. 'ஹைப்பர்பியேட்' என்னும் கொம்பனியின் 'கிளெப்ரோகற்ஸ்' முதலிய விளையாட்டுக்களிலே பூனையும் நாயும் முயலும் குரங்கும் ஒளிமிக்க வர்ணங்களிலே துள்ளி வந்தன. ஆயின் ஆணைக்குழு அவ்வோவியங்களோடு நின்றுவிடவில்லை. அந்தக் கொம்பனி தன் விளையாட்டுக்களைப் பிள்ளைகளுக்கான இணையத்தளமொன்றிலே விளம்பரப்படுத்தியிருந்தது. அப்பாத்திரங்களைக் கொண்டு பிள்ளைகளுக்கான புத்தகங்கள் வெளிவந்திருந்தன. பஞ்சு அடைத்த பொம்மைகளும், அடுக்கி விளையாடும் கட்டைகளும் விற்பனைக்கு வந்திருந்தன. பொம்மைக் கடையிலே பிள்ளையைக் கைதட்டி அழைத்தவர், சட்டத்தின் முன்னே அந்தப் பிள்ளையை அறியேன் என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? 40 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. கொம்பனியின் செலுத்துமாற்றல் கருதி 150,000 டொலர் செலுத்தினாற் போதுமென மிகுதி நிறுத்திவைக்கப்பட்டது. முறைகேடாகத் திரட்டிய விவரங்களை அழிக்கவும் பணிக்கப்பட்டது.

2021ஆம் ஆண்டிலே 'ரீகலர்' என்னும் வர்ணந்தீட்டும் செயலி பற்றிய வழக்கு தீர்ந்தது. படங்களுக்கு வர்ணந்தீட்டி மனவமைதி பெறும் பெரியோர் பலர் உளர். அச்செயலியும் பொதுமக்களுக்குரியதாகவே அறியப்பட்டது. ஆனால் அதனுள்ளே பிள்ளைகளுக்கெனப் பெயரிட்ட ஒரு படப்பிரிவு இருந்தது. வீடு முழுவதும் பெரியவர்க்குரியதாயினும் தொட்டில் கட்டிய அறை பிள்ளைக்குரியதே. ஆகவே அந்தப் பகுதியளவிலே சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருத்தல் வேண்டும் என்பது ஆணைக்குழுவின் நிலைப்பாடு.

இனி, துப்பாக்கி விளையாட்டுக்கு வருவோம். அதுவே உலகெங்கும் பேர்பெற்ற 'போட்நைற்'. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே அதன் உரிமையாளரான 'எப்பிக் கேம்ஸ்' கொம்பனி, இச்சட்டத்தை மீறியதென்னும் வழக்கைத் தீர்த்தற்காக 27 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. பிள்ளைகள் பெருந்தொகையினராக விளையாடுவதைக் கொம்பனி அறிந்திருந்தது என்பதற்கு அரசு காட்டிய சான்றுகள் எவை? கொம்பனி தன் விளையாட்டாளரிடையே நடத்திய கணிப்புகள், விளையாட்டின் பெயரால் விற்ற பொம்மைகளும் பிற பொருள்களும், உதவி கேட்டு எழுதியவர்களோடு நடந்த கடிதத் தொடர்புகள் என்பனவே. அதிலே குரலாலும் எழுத்தாலும் உரையாடும் வசதி தொடக்கத்திலிருந்தே திறந்துவிடப்பட்டிருந்தது. அதனாற் பிள்ளைகள் முன்பின் அறியாதவரோடு சேர்க்கப்பட்டு, ஏச்சுக்கும் மிரட்டலுக்கும் தொல்லைக்கும் ஆளாயினர் எனவும் அரசு கூறிற்று. விவரந் திரட்டல் என்பது ஏதோ ஏட்டுக்கணக்கு என எண்ணுவோர் இவ்விடத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இளையோருக்கு அவ்வுரையாடல் வசதியைத் தொடக்கத்திலே மூடிவைக்குமாறு பணிக்கப்பட்டது.

இவ்வழக்குகளிலே ஊடாடி நிற்கும் உண்மை ஒன்றே. விளையாட்டை ஆக்குவோர் இரண்டு வாயாற் பேசுதல் கூடாது. விளம்பரக்காரரிடமும் பொம்மை வியாபாரியிடமும், "பிள்ளைகள் எம்மிடமே திரண்டிருக்கின்றனர்" என்று ஒரு வாய் கூறும். சட்டத்தின் முன்னே, "இங்கே பிள்ளைகள் இல்லை" என்று மற்றொரு வாய் கூறும். யூரியூப் பற்றி 2019ஆம் ஆண்டிலே 17 கோடி டொலருக்குத் தீர்ந்த வழக்கிலே இது தெளிவாக வெளிப்பட்டது. 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளைச் சென்றடைவதிலே தானே முதல்வன் என்று பொம்மைக் கொம்பனியொன்றிடம் அது பெருமை பேசியிருந்தது. அதே தளத்தைச் சேர்ந்தவர், 13 வயதுக்குக் குறைந்த பயனாளரே எம்மிடம் இல்லையென விளம்பரக் கொம்பனியொன்றுக்கு உரைத்திருந்தார். 2025ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த அனுபவத்தை விதியிலேயே எழுதிவிட்டது. விளம்பரத் திட்டங்கள், பயனாளரிடமும் பிறரிடமும் கூறிய கூற்றுக்கள், பயனாளர் எழுதும் மதிப்புரைகள், அதனையொத்த பிற சேவைகளைப் பயன்படுத்துவோரின் வயது ஆகியவற்றையும் கருதலாமென அது விளக்கமாகக் கூறுகின்றது.

வயதைக் கேட்கும் வாசல்

பிள்ளைகளும் பெரியோரும் கலந்து விளையாடும் விளையாட்டுக்களும் உள. பிள்ளைகளை நோக்கியதாயினும் அவர்களையே முதன்மையாகக் கொள்ளாத சேவையை விதி தனிவகையாக வைக்கின்றது. அத்தகைய சேவை வாசலிலே வயதைக் கேட்டு, 13 வயது நிரம்பாதவரை வேறாக நடத்தலாம். முதன்மையாகப் பிள்ளைகளுக்கே ஆக்கிய விளையாட்டுக்கு இச்சலுகை இல்லை. அங்கே வருவோர் அனைவரையும் பிள்ளைகளாகவே கொள்ளல் வேண்டும்.

வயதைக் கேட்கும் முறையிலும் நடுவுநிலைமை வேண்டும். "நீ 13 வயதுக்கு மேற்பட்டவன் அல்லவா?" என்று கேட்டால், உள்ளே புக விரும்பும் பிள்ளை என்ன விடை கூறும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. விடையைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்பது கேள்வியாகாது, பொய்கூறப் பழக்குவதாகும். 2024ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, 'ஸ்பொஞ்ச்பொப்' என்னும் கேலிச்சித்திரப் பாத்திரத்தை வைத்துச் சமையல் விளையாட்டொன்றை வெளியிட்ட கொம்பனி 500,000 டொலர் செலுத்த இணங்கியது. கலிபோர்ணியா மாநிலச் சட்டமா அதிபரும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரச் சட்டத்தரணியும் கூறிய குற்றங்களுள், வயதை நடுநிலையாகக் கேட்கவில்லை என்பதும் ஒன்று. பிள்ளை தன் வயதைச் சரியாகவே கூறியபோதும், உள்ளே பொருத்தியிருந்த பிறருடைய மென்பொருட் கூறுகள் பிழையாக அமைக்கப்பட்டிருந்தமையால் விவரங்கள் வெளியே சென்றன என்பது மற்றொன்று. வாசலிலே காவலாளி நிற்கப் பின்கதவு திறந்து கிடந்தது போலாயிற்று.

அளவுகோலின் குறை

இந்த அளவுகோல் குறையற்றதென நாம் கூறமாட்டோம். பொதுமக்களுக்கான சேவையை நடத்துவோர் வருவோரின் வயதைத் தேடி விசாரிக்க வேண்டுமென்ற கடமை இச்சட்டத்தில் இல்லை. ஆதலின் கேளாமலிருப்பவர் அறியாமலிருக்கிறார், அறியாமலிருப்பவர் கட்டுப்படாமலிருக்கிறார். பெரியவர்க்கென்றே ஆக்கிய விளையாட்டிலே ஒன்பது வயதுப் பிள்ளை தனியே புகுந்து விளையாடினால், அதன் விவரம் அப்பிள்ளைக்குரிய காவலைப் பெறாமலே போய்விடக்கூடும். பிள்ளைக்கு நேரும் தீங்கு ஒன்றே; விளையாட்டின் முகம் மாறியதால் காவல் மாறிவிடுகின்றது.

பிரித்தானியர் வேறொரு வழியை எடுத்துள்ளனர். 2020ஆம் ஆண்டு செப்டெம்பரிலே நடைமுறைக்கு வந்து, ஓராண்டு அவகாசத்தின் பின் செயற்படத் தொடங்கிய அவர்களுடைய கோவை, பிள்ளைகளுக்காக ஆக்கப்பட்டதா என்று மட்டும் கேட்பதில்லை. பிள்ளைகள் வந்து பயன்படுத்தக்கூடியதா என்று கேட்கின்றது. 18 வயது நிரம்பாதவர் அனைவரையும் பிள்ளைகளாகக் கொள்கின்றது. இவ்வழி காவலை விரிக்கின்றது. எனினும் அதற்கும் ஒரு விலை உண்டு. பிள்ளை யார் எனப் பிரித்தறிய முயலுமிடத்துப் பெரியவரும் தம் வயதைக் காட்ட நேரும். அந்தரங்கத்தைக் காக்க எண்ணி மேலும் விவரம் திரட்டுவதாய் முடியவுங்கூடும். இலங்கையிலே இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, 16 வயது நிரம்பாதவரின் தரவைச் சிறப்பு வகையாக வைத்துள்ளது. பிள்ளைப் பருவம் எங்கே முடிகின்றது என்பதிலேயே நாடுகள் ஒருமைப்படவில்லை என்பதை இதனால் அறியலாம்.

எந்த நாட்டுச் சட்டமும் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து காவலிருக்கப் போவதில்லை. வழக்குகள் யாவும் விவரம் சென்று சேர்ந்த பின்னரே தொடுக்கப்பட்டன என்பதை மறத்தலாகாது. ஆனால் அவ்வழக்குகளிலே நீதி கண்ட முறையைப் பெற்றோர் தம் வீட்டிலே கைக்கொள்ளலாம். பிள்ளை ஒரு புதிய விளையாட்டைக் கொண்டுவந்து காட்டும்போது, அதன் பெயரையும் முகப்பையும் மட்டும் பார்த்து அமையாது, சிறிது நேரம் உடனிருந்து விளையாடிப் பாருங்கள். நடுவிலே வரும் விளம்பரங்கள் எப்பொருளை விற்கின்றன? அதே பாத்திரம் புத்தகப் பையிலும் தண்ணீர்ப் போத்தலிலும் சிரிக்கின்றதா? வயதைக் கேட்கின்றதா, கேட்டால் எவ்வாறு கேட்கின்றது? சிறிய வயதைக் கூறினால் ஏதேனும் மாறுகின்றதா? விளையாட்டுக்குத் தேவையில்லாத ஒலிவாங்கியையும் இருப்பிடத்தையும் ஏன் கேட்கின்றது? அறியாதவரோடு பேசும் வழி தானாகவே திறந்திருக்கின்றதா?

மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். நீங்கள் விரும்பி விளையாடும் விளையாட்டு ஒன்றை எடுத்து, நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தவர்போல் இருபக்கச் சான்றுகளையும் எழுதிப் பாருங்கள். "எனக்குப் பிடித்திருக்கின்றது, ஆகவே எனக்கானது" என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். அதனைப் பொருள் கொடுத்து வாங்காமலே நீங்கள் விளையாடுகிறீர்களாயின், அதற்குரிய செலவை யார், எதனை எதிர்பார்த்துக் கொடுக்கின்றனர் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு விளையாட்டு யாருக்காக என்பதற்கு அதன்மேல் ஒட்டிய சீட்டு விடையாகாது. அது யாரை அழைக்கின்றது, யாரைக் காட்டிப் பணம் பெறுகின்றது என்பதே விடை. பிள்ளையை அழைப்பவர் பெற்றோரிடமும் ஒரு சொற் கேட்டுவிட்டு அழைத்தல் வேண்டும். அயல்வீட்டார்கூட நம் பிள்ளையைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்லுமுன் நம்மிடம் கேட்கின்றனர் அன்றோ?